காயில் கட்டிய மோட்டார் மறுபடியும் கருகுவது ஏன்?

முதலில் கேள்வி. சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. கிழங்கு அரைக்கும் 10 எச்பி மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓட்டுவது). ஆறு மாதத்தில் இரண்டு முறை கருகிவிட்டது. காயில் கட்டுகிறவர் "கம்பி நல்ல கம்பிதான்" என்கிறார். லைன்மேன் "லைனில் குறையில்லை" என்கிறார். இரண்டு முறையும் ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய கருவி) ட்ரிப் ஆகவே இல்லை. கூடவே ஒரு துணைக் கேள்வி: ஏற்காட்டில் உறவினர் தோட்டத்துக் காபி பல்பர் (பழத்தோலை உரிக்கும் மிஷின்) மோட்டாரும் இப்படித்தான் போகிறது, மலை உயரம்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா?

மோட்டார் இப்போது காயில் கட்டும் கடையில் இருக்கிறது என்றால், பழைய காயிலை வெட்டி எடுப்பதற்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கருகிய காயில்தான் சாட்சி. அதைப் பழைய செம்பு விலைக்குப் போட்டுவிட்டுக் காரணம் தேடினால் யாரும் யார் மேலும் பழி போடலாம்.

எப்படிப் பார்ப்பது? ஸ்டேட்டரை (காயில் பதிந்த, சுற்றாத வெளிப்பகுதியை) நிமிர்த்தி வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் தலைகளைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். 1440 வேகத்து மோட்டார் என்றால் நான்கு துருவம். ஒவ்வொரு பேசுக்கும் பெரும்பாலும் நான்கு தொகுதி, மொத்தம் பன்னிரண்டு. சுற்றிலும் நான்கு இடத்தில் மட்டும் கரி, ஒவ்வொரு கரிக்கும் இடையில் இரண்டு தொகுதி வார்னிஷ் நிறம் மாறாமல் இருந்தால், ஒரே ஒரு பேஸ்தான் எரிந்திருக்கிறது. டெல்டாவில் ஓடும் மோட்டாரில் இதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்: ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று லைனில் ஒன்று போய்விட்டது. ஸ்டாரில் ஓடும் சின்ன மோட்டாராக இருந்தால் படம் தலைகீழ்: இரண்டு பேஸ் கருகும், ஒன்று பிழைக்கும். எல்லாத் தொகுதியும் ஒரே சீராகப் பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் லைன் போகவில்லை. லோடு அதிகம், வோல்டேஜ் குறைவு, காற்று போகவில்லை, அல்லது மோட்டார் நின்ற நிலையிலேயே இழுத்திருக்கிறது, இவற்றில் ஒன்று. ஒரே ஒரு காடியின் (காயில் இறங்கும் பள்ளத்தின்) வாயில் உருகிய புள்ளி மட்டும் இருந்தால் அது சூட்டுக் கோளாறே இல்லை. காயிலைக் காடியில் இறக்கும்போது பட்ட கீறல், அல்லது ஈரம். அந்த வகைக்குத்தான் முதலில் காயில் கட்டியவரைக் கேட்க வேண்டும்.

பேஸ் போவதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம், ரிலே ஏன் தூங்கியது என்பதும் அதில்தான் இருக்கிறது. 10 எச்பி மோட்டார் 415 வோல்ட்டில் முழு லோடில் சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். டெல்டா என்பதால் உள்ளே ஒவ்வொரு பேஸ் காயிலிலும் ஓடுவது 14 அல்ல, 14-ஐ 1.73-ஆல் வகுத்த 8.1 ஆம்பியர். ஒரு லைன் போனால் மிச்சமுள்ள இரண்டு லைனில் கரண்ட் சுமார் 24 ஆகிறது. இந்த இரண்டு லைனுக்கும் நேர் நடுவில் இருக்கும் காயில் அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 16 ஆம்பியரைச் சுமக்கிறது. மற்ற இரண்டும் தொடராக மாறி 8 ஆம்பியரோடு நிம்மதியாக இருக்கின்றன. ஒரு காயிலில் கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நான்கு இடத்தில் மட்டும் கரி பிடிப்பது இதனால்தான்.

இதைவிட மோசமானது, மோட்டார் 60 சதவீத லோடில் ஓடும்போது லைன் போவது. அப்போது லைன் கரண்ட் சுமார் 14.5-தான். 14-இல் வைத்திருக்கும் சாதாரண ரிலேக்கு அது கண்ணிலேயே படாது. ஆனால் உள்ளே ஒரு காயிலில் 9.7 ஓடுகிறது. உடனே புகையாது, சத்தம் கொஞ்சம் மாறும், மணிக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் ஸ்டார்ட்டரைத் திறந்து ரிலேயின் திருகில் அம்பு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். அநேகமாக 14-இல் நிற்கும். நேம் பிளேட்டில் 14 இருக்கிறது, அதையே வைத்துவிட்டார்கள். டைரக்ட் ஸ்டார்ட்டரில் அது சரி. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் (காந்தத்தால் இயங்கும் சுவிட்சுக்கு) கீழே, காயிலின் பேஸ் வழியில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஓடுவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். 14-ஐ 0.58-ஆல் பெருக்கினால் 8.1. ரிலே அங்கே நிற்க வேண்டும். 14-இல் வைத்தால், மூன்று லைனிலும் 24 ஆம்பியர் போனாலும் ரிலே கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும். சேலம் சுற்றுவட்டாரத்தில் மட்டுமல்ல, எங்கேயும் ஸ்டார்-டெல்டா மோட்டார் சத்தமில்லாமல் கருகுவதற்கு இந்த ஒரு திருகு போதும். சில ஸ்டார்ட்டர்களில் ரிலே லைன் பக்கமே இருக்கும். அங்கே முழு 14 வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மோட்டார் ஓடும்போது டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டரை) முதலில் உள்ளே வரும் லைனில் போடுங்கள், பிறகு ரிலேயிலிருந்து வெளியே போகும் வயரில் போடுங்கள். இரண்டும் ஒரே எண்ணா, இரண்டாவது குறைவா என்பதிலேயே விடை வந்துவிடும். ரிலே ட்ரிப் ஆகிறது என்பதற்காகத் திருகை மேலே ஏற்றும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

பேஸ் எங்கே போகிறது? லைன்மேனைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் பலகையைப் பாருங்கள். பியூஸ் கட்டையின் தாடை தளர்ந்து கருத்திருக்கும். கான்டாக்டர் முனை ஒன்று குழி விழுந்து தேய்ந்திருக்கும். அலுமினியக் கேபிளை லக் (முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் தலை) இல்லாமல் பித்தளைத் திருகில் முறுக்கியிருப்பார்கள், அது சூடேறி, தளர்ந்து, மறுபடி சூடேறும். மோட்டார் டெர்மினல் பெட்டியில் ஆறு பித்தளை முனைகளில் ஒன்றின் நட்டு தளர்வாக இருக்கும். தொட்டுப் பார்க்க வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். சூடு கண்ட பித்தளை நிறம் மாறியிருக்கும், பக்கத்து வயரின் தோல் விறைத்திருக்கும்.

தடுப்புக்கு சிங்கிள் பேசிங் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) மாட்டுகிறோம். மாட்டியும் மோட்டார் போகிறது என்பவர்கள் உண்டு. வோல்டேஜைப் பார்த்து வேலை செய்யும் பிரிவென்டர், மோட்டார் ஓடும்போது போன பேஸைக் கவனிக்காமல் விடலாம். ஏனென்றால் ஓடும் மோட்டாரே அந்தக் காலி முனையில் ஏறக்குறைய முழு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். தவிர, ஸ்டார்ட்டருக்குக் கீழே நட்டு தளர்ந்தால் மேலே வோல்டேஜ் மூன்றும் சரியாகவே இருக்கும். அதனால் கரண்டைப் பார்க்கும் வகையை, மூன்று வயரும் கரண்டை அளக்கும் அதன் சிடி வளையங்களுக்குள் நுழைந்து போகும் வகையை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஒரு தடவை காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, லைன் இருக்கிறது, ஆனால் சமமாக இல்லை. இதில் பலரும் ஏமாறுகிறார்கள், மூன்று பேசிலும் விளக்கு எரிகிறதே என்று. ஓடும் நேரத்தில், குறிப்பாகச் சுற்றுவட்டார வீடுகளில் லோடு ஏறும் மாலை வேளையில், மூன்று ஜோடி வோல்டேஜையும் எடுங்கள். 415, 402, 383 வருகிறது என்று வையுங்கள். சராசரி 400. அதிலிருந்து அதிகம் விலகியது 383, விலகல் 17. அதாவது 4.25 சதவீதம். இதை அதனாலேயே பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கினால் கிடைப்பது, கரண்ட் அதிகம் ஓடும் காயிலில் சூட்டின் ஏற்றம் எத்தனை சதவீதம் கூடும் என்பதன் தோராயக் கணக்கு. இங்கே 36 சதவீதம். சாதாரணமாக 70 டிகிரி ஏறும் காயில் 95 ஏறும். கொட்டகையில் 40 டிகிரி இருந்தால் மொத்தம் 135. பி வகுப்பு இன்சுலேஷனின் எல்லை 130. பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 4 சதவீத ஏற்றத்தாழ்வு பார்வைக்கு அற்பம், காயிலுக்கு எமன்.

கரண்டில் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் அது லைனின் குற்றமா மோட்டாரின் குற்றமா என்று பிரிக்க எளிய வழி உண்டு. மூன்று லைனின் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். மெயினை இறக்கிவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று லைனையும் ஒரு படி சுழற்றிக் கொடுங்கள்: சிவப்பு இருந்த இடத்துக்கு மஞ்சள், மஞ்சள் இடத்துக்கு நீலம், நீலம் இடத்துக்குச் சிவப்பு. ஸ்டார்-டெல்டாவில் இதை ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் பக்கம் செய்யுங்கள், மோட்டார் பக்கத்து ஆறு வயரில் கை வைக்காதீர்கள். மூன்றையும் சேர்த்து நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது, இரண்டை மட்டும் மாற்றினால்தான் மாறும். மறுபடி ஓட்டி அளந்து பாருங்கள். அதிக ஆம்பியர் அதே லைன் நிறத்தோடு நகர்ந்து போனால் குறை சப்ளையில். மோட்டாரின் அதே முனையில் ஒட்டிக்கொண்டிருந்தால் குறை காயிலில். லைன்மேனிடமும் காயில் கட்டுகிறவரிடமும் பேச இதைவிட நல்ல சான்று கிடையாது.

குறைந்த வோல்டேஜ் பற்றி: அரைக்கும் மிஷினுக்கு வோல்டேஜ் தெரியாது, கிழங்குதான் தெரியும். 350 வோல்ட் வந்தாலும் அதே வேலையைக் கேட்கும். மோட்டார் கரண்டைக் கூட்டித்தான் கொடுக்கும், ஏறக்குறைய 1.19 மடங்கு. காயிலில் சூடு அதன் வர்க்கம், 1.4 மடங்கு. இழுவைத் திறனோ 71 சதவீதமாக இறங்கிவிடும். ஹாப்பரில் (கிழங்கு கொட்டும் தொட்டியில்) கிழங்கு நிரம்பியிருக்கும்போது மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே மறுபடி ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று இனி நீங்களே சொல்லிவிடலாம். ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் ஆறு ஏழு மடங்கு. ஸ்டாரில் கொடுத்தால் கரண்டும் மூன்றில் ஒரு பங்கு, இழுவையும் மூன்றில் ஒரு பங்கு. நிரம்பிய மிஷினை அந்த இழுவை அசைக்காது. டைமர் டெல்டாவுக்குத் தள்ளும், அங்கே நின்றபடியே முழு ஸ்டார்ட்டிங் கரண்ட் பாயும். ஹாப்பரைக் காலி செய்த பிறகே பச்சை பட்டன். இரண்டு முறை இழுக்கவில்லை என்றால் மூன்றாவது முறை அமுக்காதீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

சூடு உண்டாவது ஒரு பக்கம், வெளியேறுவது இன்னொரு பக்கம். சேகோ ஆலைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஸ்டார்ச் மாவும் ஈரமும் சேர்ந்து மோட்டார் உடம்பின் வரிகளுக்கு இடையில் படியும், மோட்டார் சூட்டிலேயே காய்ந்து அப்பளம் போலத் தகடாகும். மேலே இன்னொரு அடுக்கு. மோட்டார் போர்வை போர்த்திக்கொண்டு ஓடுவதற்குச் சமம். இதைக் காற்றடித்து எடுக்க முடியாது. மோட்டாரை நிறுத்தி, மரச்சில்லாலோ பிளாஸ்டிக் கத்தியாலோ சுரண்டி, நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர்க் குழாயைத் திருப்பாதீர்கள். தறிக் கூடத்தில் இதே இடத்தைப் பஞ்சு பிடித்துக்கொள்ளும். அங்கே பிரஷ் போதும், காற்றடித்தால் 2 கிலோ பிரஷருக்கு மேல் வேண்டாம். பின்பக்க விசிறி மூடியின் துளைகளை ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி துளை அடைபட்டிருக்கும், இறக்கை ஒன்றிரண்டு ஒடிந்திருக்கும். மூடியை யாரோ கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். அது கைக்குப் பாதுகாப்பு மட்டும் இல்லை, காற்றை வரிகளின் மேல் திருப்பிவிடுவதும் அதுதான். சுவருக்கும் மூடிக்கும் இடையே ஒரு கையாவது நுழைய வேண்டும். டிரைவ் போட்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டுகிறவர்கள் கவனிக்க: விசிறியும் அதே ஷாப்டில்தான் இருக்கிறது, அதன் காற்றும் பாதியாகிவிடும். லோடு குறையாமல் வேகம் மட்டும் குறைந்தால் தனி மோட்டாரில் ஓடும் விசிறி வேண்டும்.

நேம் பிளேட் எண்கள் சுற்றுப்புறம் 40 டிகிரி வரை என்ற கணக்கில் எழுதப்பட்டவை. சேலம் வெயிலில் சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள், அதுவும் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், 40 எங்கே நிற்கும்? அடுப்புப் பக்க மோட்டாருக்குத் தகடு மறைப்பும் மேலே காற்றுப் போக்கியும் வைக்காமல் வேறு எதைச் செய்தும் பயன் குறைவு.

பேரிங், பெல்ட் விஷயத்தை ஓரிரு வரியில் முடிக்கலாம். உடம்பு சாதாரணமாக இருந்து முனை மட்டும் கொதித்தால் பேரிங்தான். கிரீஸ் குறைந்தால் மட்டுமல்ல, அறையை முழுக்க அடைத்தாலும் பேரிங் சூடாகும். வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். பெல்ட் நழுவுகிறது என்று தண்டவாளம் போல இழுத்துக் கட்டாதீர்கள். தேய்ந்த புல்லியை மாற்றுங்கள்.

"கை வைக்க முடியவில்லை, கொதிக்கிறது" என்று பயந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 60 டிகிரியிலேயே சில நொடிகளுக்கு மேல் கை நிற்காது. எஃப் வகுப்பு மோட்டாரின் உடம்பு முழு லோடில் 75, 80 டிகிரி இருப்பது கோளாறு இல்லை, அதன் காயில் 155 வரை தாங்கும். கை சொல்வதை நம்புவதைவிடக் காயிலையே கேட்கலாம். காலையில் ஓட்டும் முன், மோட்டார் முனைகளின் வயர்களை, பட்டைகள் இருந்தால் அவற்றையும், கழற்றிவிட்டு ஒரு பேசின் ரெசிஸ்டன்ஸை நல்ல மீட்டரில் எடுங்கள். 30 டிகிரியில் 3.00 ஓம் என்று வைப்போம். நான்கு மணி நேரம் லோடில் ஓட்டி, நிறுத்திய உடனே, மெயினை இறக்கிப் பூட்டிவிட்டு மறுபடி எடுங்கள். 3.80 வந்தால், 3.80-ஐ 3.00-ஆல் வகுத்து, 264.5-ஆல் பெருக்கி, 234.5-ஐக் கழியுங்கள். 264.5 என்பது 234.5-உம் காலையில் இருந்த 30-உம் சேர்ந்தது. விடை சுமார் 100 டிகிரி. இது செம்புக் கம்பிக்கான கணக்கு. சராசரிதான், மிகச் சூடான இடம் இன்னும் பத்து டிகிரி கூட இருக்கும். கழற்ற ஆகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காயில் ஆறிக்கொண்டே இருக்கும், அதனால் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

காயில் கட்டும் கடையிலும் கேட்க வேண்டியது உண்டு. பழைய காயிலை உருவ, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதோ கேஸ் டார்ச் காட்டுவதோ இருந்தால் தடுத்துவிடுங்கள். இரும்புத் தகடுகளுக்கு இடையில் உள்ள மெல்லிய இன்சுலேஷன் எரிந்து, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரும்பே சூடேறத் தொடங்கும். அதன் பிறகு எத்தனை நல்ல கம்பி கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும் பழையபடியே வேண்டும். வார்னிஷில் முக்கி, அடுப்பில் வேகவைத்துத் தர வேண்டும். பிரஷால் பூசி வெயிலில் வைத்தது போதாது. எடுத்து வரும் நாளில் லோடு இல்லாமல் ஓட்டச் சொல்லி மூன்று ஆம்பியரும் எழுதி வாங்குங்கள். 10 எச்பி நான்கு துருவ மோட்டாருக்கு முழு லோடில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள், அதாவது 5 முதல் 7 வரை இருந்தால் இயல்பு. 9, 10 என்று வந்தால் சுற்று குறைந்திருக்கிறது, அல்லது இரும்பு கெட்டிருக்கிறது.

இனி ஏற்காடு. காற்று மெலிதாவதால் உயரத்தில் மோட்டார் ஆறுவது குறையும் என்பது உண்மை. 1000 மீட்டர் வரை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும், அனுமதித்த சூட்டேற்றத்தில் ஒரு சதவீதம் அளவுக்குச் சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் போதும் என்பது சர்வதேச மோட்டார் தரவிதி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். பி வகுப்புக்கு அனுமதித்த ஏற்றம் 80 டிகிரி, அதில் ஐந்து சதவீதம் 4. ஆக, 40-க்குப் பதில் 36 டிகிரிக்குள் இருந்தால் மோட்டார் முழு எச்பியையும் தரலாம். காபிப் பழம் பறித்துப் பல்பரில் விடும் மார்கழி, தை மாதத்தில் ஏற்காட்டில் 36 டிகிரியை யார் பார்த்தது? சேர்வராயன் மலை மேல் குற்றம் இல்லை.

அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தோட்டம் லைனின் கடைசியில் இருந்தால் பல்பர் ஓடும்போது வரும் வோல்டேஜ். நிற்கும்போது அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இன்னொன்று, ஈரம். பல்பர் மோட்டார் மழையும் பனிமூட்டமும் முழுக்கச் சும்மா கிடந்து, சீசன் தொடங்கும் நாளில் நேரே முழு லோடுக்குப் போகிறது. அதற்கு முன் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரில்) காயிலுக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது, பத்துக்குக் கீழே இருந்தாலும் உலர்த்திவிட்டு ஓட்டுவதுதான் நல்லது. மூடியைக் கழற்றி, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் காயிலில் படாமல் உள்ளே தொங்கவிட்டு, மேலே சாக்கைத் தளர்வாகப் போர்த்தி ஓர் இரவு வைத்தால் எண் ஏறும். அடுத்த ஆண்டு இந்த வேலை மிச்சமாக வேண்டுமானால் சும்மா கிடக்கும் காலத்தில் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் லோடில்லாமல் ஓட்டி வையுங்கள்.

ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் போர்வெல் மோட்டாரையும் இதே கண்ணோடு பாருங்கள், அது ஆறும் விதம் மட்டும் வேறு. தன்னைத் தாண்டி மேலே ஓடும் தண்ணீர்தான் அதற்கு விசிறி. சேலத்துப் பாறையில் ஊற்று பெரும்பாலும் மேலே ஏதோ ஒரு வெடிப்பில் இருக்கும், மோட்டாரை அதற்கு வெகு கீழே இறக்கியிருப்போம். மேலிருந்து இறங்கும் தண்ணீர் நேரே பம்பின் வாய்க்குள் போய்விடும். வாய் மோட்டாருக்கு மேலே இருக்கிறது. மோட்டாரைச் சுற்றியுள்ள தண்ணீர் அசையாமல் நின்று சூடாகும். பம்பின் வாயையும் மோட்டாரையும் சேர்த்து மூடி, கீழ்ப்பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி ஒரு குழாய் உறை மாட்டினால், தண்ணீர் கீழே இறங்கி மோட்டாரைத் தழுவிக்கொண்டுதான் மேலே வர முடியும். கேபிளையும் பாருங்கள். 1000 அடிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 13 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 27 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 போட்டால் 18.

இந்த முறை காயில் கட்டும்போது இன்னொன்றையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், வார்னிஷ் போட்ட பிறகு செய்ய முடியாது. பேசுக்கு ஒன்றாக மூன்று பிடிசி தெர்மிஸ்டர் (சூடு எல்லை தாண்டியதும் ரெசிஸ்டன்ஸ் சட்டென ஏறும் சின்ன உணரி), தொடராக இணைத்தது, காயில் தலைக்குள் செருகிக் கட்ட வேண்டும். பி வகுப்புக்கு 130 டிகிரி, எஃப் வகுப்புக்கு 150 டிகிரி வகை. அதன் இரண்டு வயர் தெர்மிஸ்டர் ரிலேக்குப் போய், ரிலேயின் முனை ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரின் காயிலோடு தொடராக வரும். மாவு அப்பினாலும், விசிறி ஒடிந்தாலும், வோல்டேஜ் சரிந்தாலும், பேஸ் போனாலும் இது காயிலின் சூட்டை மட்டும் பார்த்து நிறுத்தும். ஆனால் மோட்டாரை மெக்கர் போடும்போது அந்த இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி உடம்போடு சேர்த்துவிடுங்கள், தெர்மிஸ்டருக்குக் குறுக்கே மெக்கரை வைக்கவே வைக்காதீர்கள். அது தாங்கும் சோதனை வோல்டேஜ் 2.5 மட்டுமே.